தசைநாரில் புரதங்களின் அமைப்பு: நுண்ணோக்கி காட்டிய உண்மைகள்

உழைப்பை மனித நாட்களாகக் கணக்கிடுவது திட்ட ஆவணங்களின் வழக்கம். ஓர் ஏரியைத் தூர் வாருவதற்கு இத்தனை மனித நாட்கள், ஒரு கிராமச் சாலைக்கு இத்தனை மனித நாட்கள் என மதிப்பீடு தயாராகிறது. அந்தக் கணக்குக்கு அடியில் ஓர் உயிர் இயந்திரம் இருப்பது பொதுவாக நினைவுக்கு வருவதில்லை. மண்வெட்டியை ஓங்கும் தோளிலும், பாரம் சுமக்கும் காலிலும், உறக்கத்திலும் ஓயாமல் துடிக்கும் இதயத்திலும் இயங்குவது அடிப்படையில் ஒரே வகையான இயந்திரம்தான். மனித உடலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எலும்புடன் இணைந்த தசைகளே. அவற்றில் முக்கால் பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம்.

இந்தப் புரதங்கள் யாவை என்பது நுண்ணோக்கியால் அறியப்பட்டதன்று. ஜெர்மானிய உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே 1864ல் தவளையின் தசையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து அதற்கு மையோசின் என்று பெயரிட்டார். அது ஒரே பொருளன்று, இரண்டின் கலவை என்பது பின்னரே தெரியவந்தது. ஹங்கேரியில் ஆல்பெர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ராப் என்பவர் 1940களின் தொடக்கத்தில் மற்றொரு புரதத்தைத் தனியே பிரித்தார், அதுவே ஆக்டின். இவ்விரண்டையும் கலந்து இழையாக இழுத்து, உயிரணுக்களின் எரிபொருளான ஏ.டி.பி.யை அதன் மீது சேர்த்தபோது, கண்ணாடித் தட்டிலேயே அந்த இழை சுருங்கியது. உடலுக்கு வெளியே, வெறும் இரசாயனப் பொருள்களைக் கொண்டே தசையின் செயலை நிகழ்த்திக் காட்டிய பரிசோதனை அது.

எனினும், அந்தப் பரிசோதனை ஒரு கேள்விக்கு விடை தரவில்லை. கரைசலில் சுருங்கும் இழை எல்லாப் பக்கமும் குறுகுகிறது. தசையோ ஒரே திசையில், அளந்து வைத்தாற்போல், வினாடியின் சிறு பகுதிக்குள் சுருங்கி மீண்டும் நீள்கிறது. நூலின் தரம் தெரிந்துவிட்டால் புடவையின் நெசவு தெரிந்துவிடாது. பாவும் ஊடையும் எவ்வாறு பின்னியுள்ளன என்பதை அறிய, துணியையே பெருக்கிப் பார்க்க வேண்டும். தசையைப் பற்றிய அறிவும் அவ்வாறே, புரதங்களின் பட்டியலிலிருந்து புரதங்களின் அமைப்பு முறைக்கு நகர வேண்டியிருந்தது. அந்த நகர்வின் ஒவ்வொரு கட்டத்தையும் நுண்ணோக்கியின் திறனே தீர்மானித்தது. அதன் அண்மைக்காலக் கட்டம் இந்திய மக்களில் கணிசமானோரின் இதய நலத்துடன் நேரடியாகத் தொடர்புடையதாக இருப்பதால், இந்த வரலாறு உயிரியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை.

பெருக்கமும் பகுதிறனும்

நுண்ணோக்கியைப் பற்றிப் பேசும்போது அது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பதையே பலரும் கேட்கின்றனர். கேட்க வேண்டியது பகுதிறன். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றலுக்குப் பகுதிறன் என்று பெயர். செய்தித்தாளில் அச்சான ஒரு புகைப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், முகத்தின் புதிய விவரம் எதுவும் தெரிவதில்லை, மைப்புள்ளிகள்தாம் பெரிதாகின்றன. ஒளி நுண்ணோக்கியிலும் ஓர் எல்லைக்குப் பின் இதுவே நிகழும். ஒளியின் அலைநீளமே அந்த எல்லையை வகுக்கிறது என்று ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1873ல் விளக்கினார். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைப் பிரித்தறிய இயலாது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

தசையின் அளவுகளை இத்துடன் ஒப்பிட வேண்டும். ஒரு தசைநார் 10 முதல் 100 மைக்ரான் தடிமன் உடையது. ஒரு மைக்ரான் என்பது 1000 நானோமீட்டர். அந்த நாரினுள் ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிமன் கொண்ட நுண்ணார்கள் நூற்றுக்கணக்கில் இணையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நுண்ணாரிலும் கருமையான பட்டையும் வெளிர்ந்த பட்டையும் மாறிமாறி வருகின்றன. வெளிர்ந்த பட்டையின் நடுவே ஒரு கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரையுள்ள பகுதி சார்க்கோமியர் எனப்படுகிறது. ஓய்வு நிலையில் இதன் நீளம் இரண்டு மைக்ரானுக்குச் சற்று மேல். இதுவே தசை இயக்கத்தின் அலகு. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நாரில், அலகு ஒன்றுக்கு 2.5 மைக்ரான் என்று கொண்டால், 40,000 அலகுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் கால் மைக்ரான் மட்டும் குறுகினாலும் மொத்த நார் ஒரு சென்டிமீட்டர் குறுகும். கண்ணுக்குத் தெரியும் அசைவு இந்தச் சிறு அசைவுகளின் கூட்டுத்தொகையே.

பட்டைகள் ஒளி நுண்ணோக்கிக்கு எட்டும். பட்டைகளுக்குள் இருப்பவை எட்டா. இந்த இக்கட்டான நிலையில்தான் 1954ஆம் ஆண்டின் புகழ்பெற்ற இரு கட்டுரைகள் தோன்றின.

நழுவும் இழைகள்

ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கேயும் கேம்பிரிட்ஜில் உயிருள்ள தவளைத் தசைநாரை ஆராய்ந்தனர். ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முயலின் தசையிலிருந்து பிரித்த நுண்ணார்களை ஆராய்ந்தனர். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவில்லை. ஆய்வு முறைகளும் வேறு. முன்னவர்கள் தங்கள் ஆய்வுக்கென்றே அமைத்துக்கொண்ட குறுக்கீட்டு நுண்ணோக்கியைக் கையாண்டனர்; பின்னவர்கள் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினர். 1954 மே மாதத்தில் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரு கட்டுரைகளும் அடுத்தடுத்து வெளியாயின. முடிவு ஒன்றே: தசை சுருங்கும்போது வெளிர்ந்த பட்டை குறுகுகிறது, கருமையான பட்டையின் அகலம் மாறுவதில்லை.

புரத மூலக்கூறுகளே மடிந்து குறுகுவதால் தசை சுருங்குகிறது என்பதே அந்நாளில் பலரின் கருத்து. அது உண்மையாயின், கருமைப் பட்டையும் குறுக வேண்டும். குறுகவில்லை. ஆகவே இருவகை இழைகள் தத்தம் நீளம் மாறாமல், ஒன்றின் இடையில் மற்றொன்று நழுவிச் செல்கின்றன என்று கொள்வதே பொருந்தியது. கருமைப் பட்டையில் மையோசினால் ஆன தடித்த இழைகள்; அவற்றின் இருபுறமும் எல்லைக் கோடுகளிலிருந்து உள்நோக்கி நீளும் ஆக்டினாலான மெல்லிய இழைகள்.

இழைகளைத் தனித்தனியே காண இயலாத ஒரு கருவியைக் கொண்டே இழைகள் நழுவுவது நிறுவப்பட்டது என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். கேள்வி சரியாக அமைந்தால், பட்டையின் அகலத்தை அளப்பதே போதுமானதாகிறது. விலையுயர்ந்த கருவியைக் கோரும் திட்ட வரைவுகளைப் பரிசீலிப்போர் இந்த நிகழ்ச்சியை நினைவில் வைப்பது பயன் தரும்; ஆனால், கருவியே வேண்டாம் என்று மறுப்பதற்கு இதனை ஆதாரமாக்குவதும் தவறு. ஏனெனில், நழுவல் கொள்கையை அனைவரும் ஏற்கவில்லை. இழைகளையே கண்ணால் காட்டும்படி கேட்டனர். அதற்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்டது.

எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மேக்ஸ் க்னோலும் பெர்லினில் 1931ல் உருவாக்கிய இக்கருவியில் ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றை பாய்கிறது. அதன் அலைநீளம் ஒளியினதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. ஆயினும் எலெக்ட்ரான்கள் தடித்த பொருளை ஊடுருவா. தசையை மிக மெல்லிய சீவல்களாக வெட்டினால்தான் அவற்றைக் காண முடியும். ஹ்யூ ஹக்ஸ்லி சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து அத்தகைய சீவும் கருவியையும் வடிவமைத்தார். குறுக்குவெட்டுச் சீவல்களில், ஒவ்வொரு தடித்த இழையையும் சுற்றி ஆறு மெல்லிய இழைகள் தேன்கூட்டின் ஒழுங்கில் நிற்பதை 1953லேயே அவர் கண்டிருந்தார். ஒரே ஓர் அடுக்கு இழைகள் மட்டும் அடங்கும் அளவுக்கு மெல்லிய நெடுவெட்டுச் சீவல்களை 1957ல் படமெடுத்தார். அவற்றில் இருவகை இழைகளும் தெளிவாகத் தெரிந்தன. தடித்த இழையிலிருந்து மெல்லிய இழையை நோக்கி நீண்ட சிறு குறுக்குப் பாலங்களும் தெரிந்தன. அந்தப் பாலங்கள் மையோசின் மூலக்கூறின் தலைகள். ஒவ்வொரு தலையும் ஆக்டினைப் பற்றி, சில நானோமீட்டர் தூரம் இழுத்து, விடுத்து, மீண்டும் பற்றுகிறது. தேர் வடத்தைப் பிடித்து இழுக்கும் கைகளை ஒத்த செயல் இது. ஒரு கை விடும்போது மற்றொரு கை பிடித்திருக்கும்.

இந்த அமைப்பு முறை உண்மையா என்பதை ஓர் எளிய கூட்டல் கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். தவளையின் தசையில் தடித்த இழையின் நீளம் ஏறத்தாழ 1.6 மைக்ரான். இருபுறத்து மெல்லிய இழைகளும் எல்லைக் கோடு உட்படச் சேர்ந்து சுமார் 2.05 மைக்ரான். இரண்டையும் கூட்டினால் 3.65. சார்க்கோமியரை இந்த அளவுக்கு இழுத்துவிட்டால் இருவகை இழைகளும் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். பாலங்களுக்குப் பற்றுக்கோடு இராது. கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகிய மூவரும் 1966ல் ஒற்றைத் தவளைத் தசைநாரை வெவ்வேறு நீளங்களில் நிறுத்தி அதன் விசையை அளந்தனர். விசை பூச்சியமாகியது ஏறக்குறைய 3.65 மைக்ரான் நீளத்தில்தான். உச்ச விசை கிடைத்ததோ 2.0 முதல் 2.25 மைக்ரான் வரையில். பாலங்கள் யாவும் மெல்லிய இழையைப் பற்றக்கூடிய நீளம் அது. நுண்ணோக்கியில் அளந்த நீளமும், தராசில் அளந்த விசையும் ஒன்றுக்கொன்று சாட்சி கூறின.

உலர்ந்த படமும் உறைந்த படமும்

இதன் பின் பல ஆண்டுகள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் முன்னேற்றம் ஒரு சுவரில் முட்டி நின்றது. வெற்றிடத்தில் இயங்கும் இக்கருவிக்குள் ஈரமான திசுவை வைக்க முடியாது. ஆகவே திசுவை இரசாயனங்களால் இறுகச் செய்து, ஆல்கஹாலால் உலர்த்தி, பிளாஸ்டிக்கில் புதைத்து, சீவி, கன உலோக உப்புகளால் சாயமேற்றினர். இறுதியில் படத்தில் தெரிவது புரதத்தைச் சூழ்ந்த உலோகப் படிவமே. அதில் இழைகளின் இடம் தெரியும். இழைக்குள் மூலக்கூறுகள் கோத்துள்ள விதம் தெரியாது.

ழாக் துபோஷே 1980களின் தொடக்கத்தில் ஹைடல்பர்கில் இதற்கு வழி கண்டார். திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட ஈத்தேன் திரவத்தில் மெல்லிய நீர்ப்படலத்தை நொடிப்பொழுதில் அமிழ்த்தினால், நீர் படிகமாகாமல் கண்ணாடி போல் உறைகிறது. புரதம் தன் இயல்பான ஈரத்துடனேயே அசையாமல் நிற்கிறது. சாயமும் வேண்டுவதில்லை. ஆனால் புதிய இடையூறு ஒன்று எழுந்தது. எலெக்ட்ரான் கற்றை உயிர்ப்பொருளைச் சிதைப்பதால், மிகக் குறைந்த அளவே பாய்ச்ச முடியும். படம் மிகவும் மங்கலாக இருக்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஒரே கல்வெட்டிலிருந்து பல மைப்படிகள் எடுப்பதுண்டு. ஒன்றில் சிதைந்த எழுத்து மற்றொன்றில் தெளிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒப்பிட்டே பாடம் நிலைநாட்டப்படுகிறது. மங்கலான ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் பொருத்திச் சராசரி காணும் முறையும் இதை ஒத்ததே. இதனை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஜோக்கிம் ஃபிராங்க். துபோஷே, ஃபிராங்க், ரிச்சர்ட் ஹென்டர்சன் ஆகிய மூவரும் 2017ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒளி நுண்ணோக்கியும் வாளாவிருக்கவில்லை. ஒளிரும் மூலக்கூறுகளை அடையாளமாகப் பொருத்தி அபேயின் எல்லையைத் தாண்டும் முறைகளுக்கு 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. குறிப்பிட்ட ஒரு புரதம் சார்க்கோமியரில் எந்த இடத்தில் உள்ளது என்பதைச் சில பத்து நானோமீட்டர் நுட்பத்துடன் இம்முறைகள் காட்டுகின்றன. புரதத்தின் உருவத்தையே காண எலெக்ட்ரானை நாடுவது தவிர வழியில்லை.

தசைக்குள்ளேயே புரதத்தைக் காண மேலும் ஒரு படி தேவைப்பட்டது. உறைந்த நுண்ணார் எலெக்ட்ரான் ஊடுருவ முடியாத தடிமன் உடையது. கத்தியால் சீவினால் நசுங்கும். எனவே காலியம் அயனிக் கற்றையைக் கொண்டு, தச்சர் இழைப்புளியால் மரத்தை இழைப்பது போல, மேலும் கீழும் செதுக்கி, 100 நானோமீட்டர் அல்லது அதனினும் மெல்லிய தகடாக ஆக்குகின்றனர். அத்தகட்டைச் சிறிது சிறிதாகச் சாய்த்து வெவ்வேறு கோணங்களில் படமெடுத்து, மருத்துவமனையின் சி.டி. ஸ்கேனில் செய்வது போல முப்பரிமாண உருவத்தைக் கட்டுகின்றனர். தசையின் ஒழுங்கு இங்கே பெரும் வரம். ஒரே அமைப்பு ஆயிரக்கணக்கான முறை மீண்டும் மீண்டும் வருவதால் சராசரி காண்பதற்குப் படிகளுக்குப் பஞ்சமில்லை.

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் மூலக்கூறு உடலியல் நிறுவனத்தில் ஸ்டெஃபான் ரௌன்சரின் குழு, லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மத்தியாஸ் கௌடலுடன் சேர்ந்து இம்முறையைத் தசைக்குப் பயன்படுத்தியது. சுண்டெலித் தசையின் சார்க்கோமியர் முழுவதன் முப்பரிமாணப் படம் 2021ல் வெளியாயிற்று. மெல்லிய இழையின் நெடுகப் படர்ந்திருக்கும் நெபுலின் என்னும் நீண்ட புரதத்தை 2022ல் ஏறத்தாழ 4.5 ஆங்ஸ்ட்ராம் பகுதிறனில் தசைக்குள்ளேயே கண்டனர். ஒரு ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நெபுலின் மரபணுவின் குறைபாடுகள் குழந்தைகளின் பிறவித் தசை நலிவு நோய்களில் ஒன்றுக்குக் காரணமாகின்றன; அதனால் இப்படத்தை மருத்துவர்களும் ஆவலுடன் நோக்கினர்.

சிலந்தி தந்த விடை

தடித்த இழையின் கதை சற்று நீளமானது. அது சொல்லத்தக்கது. ஒரு தடித்த இழையில் ஏறக்குறைய 300 மையோசின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். தசை ஓய்ந்திருக்கும்போது இத்தலைகள் எங்கே இருக்கின்றன? பாலூட்டிகளின் தசையில் இந்த ஒழுங்கு எளிதில் குலைந்துவிடுவதால், வெனிசுவேலா நாட்டின் ராவுல் பட்ரோனும் அமெரிக்காவின் ரோஜர் கிரேக்கும் பெரிய மயிர்ச்சிலந்தி ஒன்றின் தசையைத் தேர்ந்தெடுத்தனர். அதன் இழைகள் பிரித்தெடுத்த பின்னும் ஒழுங்கு மாறாதவை. மூலக்கூறின் இரு தலைகளும் ஒன்றன் மீது ஒன்று சாய்ந்து, பின்னோக்கி மடங்கி, இழையின் மேல் படுத்துக் கிடப்பதை அவர்கள் குழுவினர் 2005ல் காட்டினர். ஒரு தலை ஆக்டினைப் பற்ற முடியாதபடி மற்றொன்று மறித்துக்கொள்கிறது. இந்நிலையில் மூலக்கூறு ஏ.டி.பி.யை மிகச் சொற்பமாகவே செலவிடுகிறது என்பது 2010ல் தெரியவந்தது. ஆலைகளில் பயன்படாத உற்பத்தித் திறனைப் பொருளாதாரம் நட்டமாகக் கருதும்; தசையோ அதனைச் சேமிப்பாகக் கொள்கிறது. தேவைக்கேற்ப மடங்கிய தலைகள் விழித்தெழுகின்றன.

சிலந்தித் தசைக்குச் செலவிட்ட பணம் வீண் என்று அன்று எவரேனும் கணக்கெழுதியிருந்தால் வியப்பதற்கில்லை. ஆனால் இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோயில், மடங்கியிருக்க வேண்டிய தலைகள் அளவுக்கு மீறி விழித்திருப்பதாக ஆய்வுகள் சுட்டின. தலைகளை மடங்கிய நிலையில் நிறுத்தும் மாவாகாம்டென் என்னும் மருந்துக்கு அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2022ல் ஒப்புதல் வழங்கியது. 2023ன் இறுதியில் 'நேச்சர்' இதழில், மனித இதயத்தின் தடித்த இழையைக் கிரேக், பட்ரோன் குழுவினரும், சுண்டெலி இதயத்தின் தடித்த இழையை அதன் இருப்பிடத்திலேயே ரௌன்சர் குழுவினரும் வெளியிட்டனர். 1954ஆம் ஆண்டைப் போலவே இரு குழுக்கள், இரு முறைகள். மனித இழையின் பகுதிறன் சுமார் 6 ஆங்ஸ்ட்ராம். தலைகள் எல்லாம் ஒரே விதமாக அமர்ந்திருக்கவில்லை என்பதும், டைட்டின் என்னும் மாபெரும் புரதம் இழையின் நெடுக ஓடி அளவுகோலைப் போல இடங்களை வகுப்பதும், மையோசினைப் பற்றும் புரதம்-சி என்பது 43 நானோமீட்டருக்கு ஒருமுறை வளையமிட்டு நிற்பதும் அப்படங்களில் புலனாயின.

இருபத்தைந்து எழுத்துகள்

புரதம்-சி என்ற இந்தக் கடைசிப் பெயரே இந்தியாவுக்கு முக்கியமானது. இதயத் தசையில் இப்புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் இந்தியத் துணைக்கண்ட மக்களில் ஏறக்குறைய 4 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது. அதாவது 25 பேரில் ஒருவர். ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், பி. எஸ். தண்டபாணி முதலிய ஆய்வாளர்கள் 2009ல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் இதனை வெளியிட்டனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்குண்டு. இந்த நீக்கம் உடையோருக்கு இதயச் செயலிழப்பு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு மிகுதி என்றும், பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னரே அது தலைகாட்டுகிறது என்றும் அவர்கள் கண்டனர். உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் உள்ளோரையே அது தாக்குகிறது.

நீக்கம் உடைய அனைவரும் நோயாளிகள் ஆகிவிடுவதில்லை என்பதை இங்கே அழுத்திக் கூற வேண்டும். அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்து அமைந்தவர்களிடம் இதயம் இயல்புக்கு மீறிய விசையுடன் சுருங்கும் அறிகுறி தென்படுவதாக 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. ஆகவே நீக்கம் உடையோரில் எவருக்கு ஆபத்து, எவருக்கு இல்லை என்பதைப் பிரித்தறிவதே மருத்துவத்தின் முன்னுள்ள பணி. அதற்கு மரபணுப் பரிசோதனை மட்டும் போதாது.

இங்குதான் அமைப்பு முறை மீண்டும் முன்னே வருகிறது. புரதம்-சியின் வால் பகுதி தடித்த இழையின் மேல் படிந்து, மையோசினுடன் பிணைந்து, அங்கேயே நங்கூரமிட்டிருப்பதை 2023ன் படங்கள் காட்டின. 25 எழுத்து நீக்கம் குலைப்பது அந்த வாலின் நுனியையே. நங்கூரமின்றி அப்புரதம் இழையில் தன் இடத்தை அடைகிறதா, அடைந்தாலும் தலைகளை மடக்கி நிறுத்த உதவுகிறதா என்ற கேள்விகளை இன்று கண்ணால் கண்டு தீர்க்கும் கருவி உள்ளது. ஐரோப்பிய, ஆப்பிரிக்க மக்களிடம் இந்த நீக்கம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. தென்னாசியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளுக்கும் உரியது அது. பிற நாட்டு ஆய்வுக்கூடங்கள் தம் மக்களின் நோய்களுக்கே முன்னுரிமை தருவது இயல்பு. இந்தக் கேள்விக்கு முன்னுரிமை தர வேண்டிய கடமை இந்தியாவினுடையதே.

கருவியும் அதன் பயன்பாடும்

இத்துறையில் இந்தியா முற்றிலும் புதியதன்று. கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா 1940களில் நாட்டின் முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை உள்நாட்டிலேயே உருவாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் 1950களின் நடுவில், தோலிலும் தசை நாணிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கொண்டு விளக்கினார். உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கான தேசிய வசதி ஒன்று, உயிர்த்தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன், பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மைய வளாகத்தில் 2010களின் பிற்பகுதியில் அமைந்தது.

இவ்வகையில் உயர்தரக் கருவி ஒன்றின் விலை 50 லட்சம் டாலருக்கு மேல். அதாவது 40 கோடி ரூபாய்க்கும் அதிகம். விலையோடு செலவு முடிவதில்லை. அதிர்வற்ற தளம், ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறை, தடையற்ற மின்சாரம், அன்றாடம் திரவ நைட்ரஜன், ஆண்டுதோறும் பராமரிப்பு ஒப்பந்தம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சி பெற்ற இயக்குநர்கள் என ஆண்டுச் செலவு தொடர்கிறது. மூலதனச் செலவுக்கு நிதி பெறுவது எளிது. தொடர் செலவுக்குப் பெறுவது கடினம் என்பது அரசு அலுவலகங்கள் அறிந்ததே. விலையுயர்ந்த கருவி பழுதாகி உறையிட்டு மூடப்பட்டிருப்பதைவிடப் பெரிய விரயம் வேறில்லை. பல்வேறு நிறுவனங்களின் கருவிகளை வெளியாரும் பதிவு செய்து பயன்படுத்துவதற்கென 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் இணையத்தளம் இவ்வகையில் சரியான திசையில் எடுத்துவைத்த அடி.

செலவைக் குறைக்கும் வேறு வழிகளும் உள்ளன. 300 கிலோவோல்ட் கருவிக்குப் பதிலாக 100 கிலோவோல்ட்டில் இயங்கும் மலிவான கருவியே பல பணிகளுக்குப் போதும் என்று ஹென்டர்சன் உள்ளிட்டோர் 2019ல் வாதிட்டனர். படங்களைச் சீராக்கும் முதன்மையான கணினி நிரல்கள் சில விலையின்றிக் கிடைக்கின்றன. பிற நாடுகளில் எடுக்கப்பட்ட மூலப் படங்கள் பொதுக் காப்பகங்களில் எவரும் தரவிறக்கிக்கொள்ளும்படி வைக்கப்பட்டுள்ளன. கருவி இல்லாத ஒரு மாவட்டத் தலைநகரின் கல்லூரியில்கூட, நல்ல கணினியும் ஆர்வமுள்ள இயற்பியல் ஆசிரியரும் இருந்தால், மாணவர்கள் இப்படங்களிலிருந்து சார்க்கோமியரின் அளவுகளைத் தாமே அளக்கலாம்.

ஆனால் 25 எழுத்துகளின் கேள்விக்கு வெளிநாட்டுப் படங்கள் உதவா. இந்திய இதயத் திசுவே வேண்டும். மனித இழையின் படம் 2023ல் சாத்தியமானதற்கு நுண்ணோக்கி எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் திசு சேமிப்பகம். அந்த ஆய்வில் பங்குகொண்ட கென்னத் கேம்பெல், கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் நன்கொடையாகப் பெற்ற இதயத் திசுக்களை உறைநிலையில் சேமித்துவரும் ஏற்பாட்டை நடத்துபவர். இந்தியாவின் பெரிய இதய மருத்துவமனைகளிலும், தடித்த சுவர் இரத்த ஓட்டத்தை மறிக்கும் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்து அத்தசையில் ஒரு துண்டை அகற்றுவதுண்டு. நோய்க்கூறு ஆய்வுக்குத் தேவைப்படும் பகுதி போக எஞ்சியதை, நோயாளியின் எழுத்து மூலமான இசைவுடன், அறுவை அரங்கிலேயே உடனடியாக உறைய வைத்தால் அது ஆய்வுக்குப் பயன்படும். தாமதமானால் தலைகளின் ஒழுங்கு குலைந்துவிடும்.

அதற்கு வேண்டியவை ஒரு திரவ நைட்ரஜன் கொள்கலன், அதனை நிரப்பிவைக்கும் ஒரு தொழில்நுட்ப உதவியாளர், நோயாளியின் மரபணு முடிவையும் திசுவின் எண்ணையும் பெயர் வெளிப்படாமல் இணைத்து எழுதும் ஒரு பதிவேடு, மருத்துவமனையிலிருந்து பெங்களூர் வரை ஒரு போக்குவரத்து ஏற்பாடு. நுண்ணோக்கியின் விலையோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு மிகச் சிறியது. மருத்துவமனை சுகாதார அமைச்சகத்தின் கீழோ மாநில அரசின் கீழோ இயங்குகிறது. நுண்ணோக்கி அறிவியல், தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிதியில் வந்தது. அந்தக் கொள்கலனும் அந்த உதவியாளரின் ஊதியமும் எவருடைய மதிப்பீட்டில் இடம்பெறும் என்பது முதலில் முடிவு செய்யப்பட வேண்டும்.